முகம் மாறும் உளவாளியும் முகம் மாறாத உளவாளியும்

2025ஆம் ஆண்டின் முதற்பாதியில் உளவுப் படங்களின் உலகில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஜேம்ஸ் பொண்ட் படங்களின் ஆக்க அதிகாரத்தை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடும்பச் சொத்தாகவே காத்துவந்த புரொக்கோலி குடும்பத்தினர், பெப்ரவரியில் அதை அமேசன் எம்.ஜி.எம். நிறுவனத்திடம் ஒப்படைக்க இணங்கினார்கள். மே மாதத்தில் டொம் குரூஸின் 'மிஷன் இம்பொசிபிள்' வரிசையின் எட்டாவது படம், இதுவே முடிவு என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டு திரைக்கு வந்தது. ஒரு வரிசை புதிய முதலாளியோடு அடுத்த நாயகனைத் தேடத் தொடங்கியது. மற்றதோ நாயகனை மாற்றிக்கொள்ள வழி தெரியாமல் கடையைக் கட்டியது. 2002இல் புறப்பட்டு இவ்விரண்டையும் உலுக்கி எடுத்த ஜேசன் போர்ன் வரிசையில் 2016க்குப் பின்னர் புதிய படமே இல்லை. ஒரே வகைக் கதை, ஏறத்தாழ ஒரே ரசிகர் கூட்டம். இருந்தும் மூன்றுக்கும் மூன்று விதமான ஆயுள் அமைந்துவிட்டது.

சண்டைக் காட்சிகளின் தரத்தை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. ஒரு படவரிசை தன் மூலதனத்தை எதில் போட்டு வைத்திருக்கிறது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன். பொண்ட் வரிசை அதைச் சடங்கில் போட்டது. ஆள் மாறலாம், சடங்கு மாறக்கூடாது. மிஷன் வரிசை ஒரு மனிதனின் உடம்பில் போட்டது. போர்ன் வரிசை ஒரே ஒரு கேள்வியை நம்பியிருந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இந்தப் படங்கள் வந்து சேர்ந்த விதத்தையும், இங்குள்ளவர்கள் அவற்றில் எதைக் கண்டார்கள் என்பதையும் கூடவே வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

பொண்டின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் புலனாய்வுப் பிரிவில் பணியாற்றிய இயன் ஃபிளெமிங், ஜமெய்க்காவிலிருந்த தமது வீட்டில் அமர்ந்து எழுதிய முதல் பொண்ட் நாவல் 1953இல் வெளிவந்தது. இந்தியாவும் இலங்கையும் பேரரசின் கைவிட்டுப் போய்ச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1956இல் சுயெஸ் கால்வாய் விவகாரத்தில் பிரித்தானியா தலைகுனிந்து திரும்பியது. முதற்படமான 'டொக்டர் நோ' 1962 ஒக்டோபரில் வெளியானபோது, அதன் கதை நடக்கும் ஜமெய்க்காவே இரண்டு மாதங்களுக்கு முன்னர் சுதந்திரம் பெற்றுவிட்டது. அதாவது, உலகை ஆளும் வல்லமை கைநழுவிப் போய்க்கொண்டிருந்த அதே வேளையில், உலகை ஆண்டுக்கொரு முறை காப்பாற்றித் தரும் ஓர் அரச ஊழியனைப் பிரித்தானியா திரையில் உருவாக்கிக்கொண்டது. மலையகத்தின் பல தோட்டங்களில் அன்றைக்கும் வெள்ளைக்காரத் துரைமாரே அதிகாரத்தில் இருந்தார்கள். துரை பங்களாவையும் கிளப்பையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பழகிய சமூகத்துக்கு, பொண்டின் தைத்து வைத்தாற்போன்ற உடையும் கையிலிருக்கும் மதுக்கிண்ணமும், எதிரியிடம்கூடக் குரலை உயர்த்தாமல் பேசும் தோரணையும் எங்கிருந்து வந்தவை என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தோரணை மட்டும் இருந்திருந்தால் பொண்ட் 1970களைத் தாண்டியிருக்க மாட்டான். தயாரிப்பாளர்களான அல்பர்ட் புரொக்கோலியும் ஹரி சோல்ட்ஸ்மனும் முதல் மூன்று நான்கு படங்களுக்குள் ஓர் ஒழுங்கை நிறுவிவிட்டார்கள். வெள்ளை வட்டத்துக்குள் நடந்து வந்து பார்வையாளரை நோக்கிச் சுடும் உருவம், தலைப்புக்கு முன்னர் வரும் ஒரு தனிச் சாகசம், அதன்பின் பாட்டு, மேலதிகாரியின் அறையில் கண்டிப்பான பேச்சு, புதுக் கருவிகளின் விளக்கம், வில்லனின் பிரமாண்டமான மறைவிடம், அது வெடித்துச் சிதறும் முடிவு என்ற அடுக்கில் எது எப்போது வரும் என்பது பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தே காத்திருப்பதில்தான் இன்பம். திருவிழாவில் தேர் எந்தத் தெருவால் வரும் என்று ஊருக்கே தெரிந்திருந்தும் அது திரும்பும் மூலையில் கூட்டம் நிற்பது போன்றதுதான் இது. மொன்டி நோர்மன் இயற்றி ஜோன் பரி இசைக்கோவை செய்த அந்தக் கருப்பொருள் இசை, படத்தின் பாதிக் கதையைத் தானே சொல்லிவிடுகிறது.

அரங்க வடிவமைப்பாளர் கென் அடமின் பங்கு பலரும் நினைப்பதைவிடப் பெரியது. 'டொக்டர் நோ' ஏறத்தாழ பத்து இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட படம். அக்காலக் கணக்கிலும் அது பெருந்தொகை அல்ல. அதில் வில்லனின் கையாள் ஒருவன் உத்தரவு வாங்க வரும் காட்சியைக் கவனியுங்கள். அறையில் ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் மட்டுமே இருக்கின்றன. சரிந்த கூரையில் வெட்டப்பட்ட பெரிய வட்டத் திறப்பின் வழியே வெளிச்சம் விழுந்து, கம்பிகளின் நிழல் தரை முழுவதும் வலையாகப் படர்ந்திருக்கிறது. வில்லனை நாம் பார்ப்பதில்லை. குரல் மட்டும் வருகிறது. நிற்பவன் சுருங்கிப்போகிறான். பணம் இல்லாத இடத்தில் நிழலைக் கொண்டு அதிகாரத்தைக் காட்டிய அந்தக் காட்சியிலிருந்தே பொண்ட் படங்களின் வில்லன் மாளிகைகள் எல்லாம் கிளைத்தன.

நாவலில் டொக்டர் நோ சோவியத் ஒன்றியத்துக்காக வேலை செய்பவன். படத்தில் அவன் 'ஸ்பெக்டர்' என்ற தனியார் குற்றக் கூட்டத்தின் ஆள். தயாரிப்பாளர்கள் பனிப்போரில் நேரடியாகப் பக்கம் சாராமல் எதிரியை நாடற்றவனாக்கிக்கொண்டது வியாபாரத் தந்திரம்தான். ஆனால், 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அந்தத் தந்திரமே வரிசையைக் காப்பாற்றியது. எதிரி ஒரு நாடாக மட்டும் இருந்திருந்தால் அந்நாட்டோடு கதையும் போயிருக்கும். சட்டச் சிக்கல்களால் 1989க்குப் பின் ஆறு ஆண்டுகள் படமே வராதிருந்து, 1995இல் பியர்ஸ் புரொஸ்னனோடு திரும்பி வந்தபோது, அதே வட்டமும் அதே இசையும் அதே கண்டிப்பான மேலதிகாரியும் இருந்தார்கள். மேலதிகாரி இம்முறை ஒரு பெண் என்பதே புதுமை.

ஆறு நடிகர்கள், இருபத்தைந்து படங்கள். 1969இல் ஜோர்ஜ் லேசன்பி ஒரே படத்தோடு போனபோது வரிசை ஆட்டங்கண்டு, 1971இல் ஷோன் கொனரியையே மீண்டும் அழைத்து வந்தது. ரொஜர் மூர் ஏழு படங்களில் நிலைத்த பிறகுதான், முகம் மாறினாலும் பொண்ட் பொண்டே என்ற ஒப்பந்தம் ரசிகர்களோடு உறுதியானது. அதன் வலிமை 1983இல் சோதிக்கப்பட்டது. வேறொரு தயாரிப்பாளர் கொனரியை வைத்துப் போட்டிப் பொண்ட் படம் ஒன்றை வெளியிட, அதே ஆண்டில் மூர் நடித்த 'ஒக்டோபஸி'யும் வந்தது. பழைய முகம் ஒரு பக்கம், வட்டமும் இசையும் உள்ள படம் மறுபக்கம். கூடுதலாக வசூலித்தது மூரின் படமே. (உதய்ப்பூரில் எடுக்கப்பட்ட அப்படத்தில் பொண்டுக்குத் துணையாக வரும் உளவாளி, சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், பாத்திரத்தின் பெயரும் விஜய் என்பதே.)

கண்டிப் பகுதிக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு இடம் உண்டு. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் பொண்ட் படமொன்றை இயக்க விரும்பிக் கேட்டு மறுக்கப்பட்டவர். அந்த ஏக்கத்துக்கு மருந்தாக ஜோர்ஜ் லூகஸ் அவருக்குச் சொன்ன கதையே இன்டியானா ஜோன்ஸ். இந்தியாவில் படப்பிடிப்புக்கு இணக்கம் கிடைக்காததால் 1984இல் வெளியான அவ்வரிசையின் இரண்டாம் படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பல கண்டியைச் சூழவே எடுக்கப்பட்டன. ஆகவே எங்கள் மலைகள் திரையில் உலகுக்குத் தெரியவந்ததற்கு, கிடைக்காமற்போன ஒரு பொண்ட் படமும் ஒரு காரணம்.

இனி, மலையகத்துக்கு இவ்வுளவாளிகள் வந்த வழி. அசலுக்கு முன்னர் நகல்களே இங்கு வந்து சேர்ந்தன. கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1968இல் 'ரகசிய போலீஸ் 115' ஆனார். இரகசிய ஊழியனுக்குப் பெயரைவிட எண்ணே பெருமை என்ற எண்ணம் அன்று உலகெங்கும் பரவியிருந்தது. 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' போன்ற படங்களால் ஜெய்சங்கருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட்' என்ற பட்டம் கிடைத்தது. அப்பட்டத்தைக் கேள்விப்பட்டவர்கள் பலர் அசல் பொண்டை அப்போது பார்த்திருக்கவில்லை. 1984இல் தொடங்கிய ராணி கொமிக்ஸின் பொண்ட் கதைகள், நகரங்களின் பழைய புத்தகக் கடைகள் வழியாகக் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து தோட்டங்களுக்குள் வந்தன. பொண்ட் தமிழில் பேசுவதைப் பேச்சுக்குமிழிகளில் வாசித்துவிட்டு, பின்னர் திரையில் அவன் ஆங்கிலம் பேசுவதைக் கண்டு ஏமாந்தவர்கள் உண்டு.

1979இல் தொலைக்காட்சி இலங்கைக்கு வந்து, 1982இல் ரூபவாஹினி தொடங்கி, பிதுருதலாகல உச்சியில் ஒளிபரப்பு நிலையம் எழுந்த பிறகும், தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் சொற்பம். வீடியோ டெக்கும் பெட்டியும் வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, விடிய விடிய மூன்று நான்கு படங்களை ஓடவிடுவது வழக்கமாக இருந்தது. இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவே ஓர் இங்கிலீஷ் படம் போடப்படும். மொழி புரியாது, வசன எழுத்தும் இருக்காது, வெளியே மழையும் உள்ளே குழந்தைகளின் சத்தமும். அந்தச் சூழலில் எது தேறியதோ அதுவே இவ்வகைப் படங்களின் உண்மையான வலிமை என்று சொல்லலாம். பொண்ட் தேறினான், ஏனெனில் சடங்குக்கு மொழி வேண்டாம். அரசியல் பேச்சு நிறைந்த உளவுப் படங்கள் அரைமணி நேரத்துக்குள் நிறுத்தப்பட்டன.

இந்தச் சோதனையில் எல்லாவற்றையும் விஞ்சியது மிஷன் வரிசை. அதன் மூலம் 1966 முதல் 1973 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான, புரூஸ் கெலர் உருவாக்கிய தொலைக்காட்சித் தொடர். ஒரு குழு, ஒரு திட்டம், ஒரு முகமூடி, தானே புகைந்து அழியும் ஒலிநாடா. லாலோ ஷிஃப்ரின் ஐந்து தட்டுத் தாளத்தில் அமைத்த இசை. அதில் தனி நாயகன் என்று எவரும் இல்லை. 1996இல் பிரையன் டி பால்மா இயக்கிய முதற்படமோ, தொடக்கத்திலேயே குழுவைக் கொன்று தீர்த்து, பழைய தொடரின் தலைவரான ஜிம் ஃபெல்ப்ஸையே துரோகியாக்கி, ஈதன் ஹன்ட் என்ற ஒற்றை மனிதனை நடுவில் நிறுத்தியது. தொடரை நேசித்தவர்களுக்கு அது மனவருத்தம் தந்த செயல். குரூஸ் நடிகர் மட்டுமல்ல, தயாரிப்பாளரும் அவரே என்பதை நினைவில் வைத்தால் அதன் காரணம் விளங்கும்.

அப்படத்தின் பெட்டக அறைக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்றும் குறையாது. வெள்ளை அறை; தரையில் கால் பட்டால், வெப்பம் கூடினால், சத்தம் கேட்டால் எச்சரிக்கை மணி ஒலித்துவிடும். கூரைத் துவாரத்திலிருந்து கயிற்றில் தலைகீழாக இறக்கப்படுகிறார் குரூஸ். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவனின் முகத்துக்கு எதிரே ஓர் எலி. கயிறு நழுவுகிறது, உடம்பு தரைக்கு ஒரு சாண் மேலே கைகால் விரித்து நிற்கிறது. மூக்குக்கண்ணாடியில் வழிந்த வியர்வைத்துளி ஒன்று கீழே விழப்போகிறது. கையை நீட்டி அதை ஏந்துகிறார். படப்பிடிப்பில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து முகம் தரையில் மோதிக்கொண்டே இருந்ததால், சப்பாத்துகளுக்குள் நாணயங்களைப் போட்டுச் சமநிலை செய்துகொண்டதாகக் குரூஸ் பின்னர் கூறியிருக்கிறார். நீண்ட நேரம் வசனமும் இல்லை, இசையும் இல்லை. லயத்தின் ஒடுங்கிய அறையில் முப்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தாலும் அந்தக் காட்சியில் மூச்சுச் சத்தம் கேட்காது.

அதன்பின் வந்த ஏழு படங்களும் அந்தத் தொங்கும் உடம்பைத் தொடர்ந்து வளர்த்தவையே. 2011இல் 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலிஃபாவின் வெளிச்சுவர், 2015இல் மேலெழும் இராணுவ விமானத்தின் பக்கவாட்டு, 2023இல் நோர்வே மலைமுகட்டிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்ச்சல். இந்தப் பாய்ச்சலைப் படப்பிடிப்பின் முதல் நாளிலேயே எடுத்தார்கள்; நாயகனுக்கு ஏதாவது நேர்ந்தால் மீதிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. 2017இல் இலண்டனில் ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குத் தாவும்போது குரூஸின் கணுக்கால் முறிந்தது. முறிந்த காலோடு எழுந்து நொண்டிக்கொண்டே கமராவைக் கடந்து ஓடிய அந்தக் காட்சியே படத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட செய்திகள் படம் வரும் முன்பே பரப்பப்படுகின்றன. நாம் பார்க்கப் போவது ஈதன் ஹன்ட் பிழைப்பானா என்பதையல்ல, டொம் குரூஸ் எப்படிப் பிழைத்தார் என்பதையே. கதை மறந்துபோகும், எந்தப் படத்தில் எதற்காகத் துரத்தினார்கள் என்று கேட்டால் தீவிர ரசிகரும் தடுமாறுவார். ஆனால், எந்தப் படத்தில் எதில் தொங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். (2011 படத்தின் மும்பைப் பகுதியில் சன் நெட்வேர்க் அலுவலகம் வருகிறது, உண்மையில் அது பெங்களூரில் உள்ள கட்டடம். இங்கே அப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் பெரிதும் நினைவிருப்பது அந்தச் சூரியச் சின்னமே.)

குரூஸ் பிறந்தது 1962 ஜூலையில், திரையில் பொண்ட் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னர். ஒருவருக்கு வயது ஏறிக்கொண்டே போக, மற்றவன் ஆறு முகம் மாற்றிக்கொண்டு நாற்பதைத் தாண்டாமல் நிற்கிறான். உடம்பில் போட்ட முதலுக்கு இந்தக் கதிதான்.

போர்ன் வரிசையின் பிறப்பு வேறு விதமானது. ரொபர்ட் லட்லமின் 1980ஆம் ஆண்டு நாவலைத் தழுவி டக் லைமன் இயக்கிய 'த போர்ன் ஐடென்டிட்டி' 2002இல் வந்தது. அதே ஆண்டு வந்த பொண்ட் படத்தில் கண்ணுக்குத் தெரியாத கார் ஒன்று ஓடியது. போர்னோ பாரிஸ் படிக்கட்டுகளில் பழைய மினி காரொன்றை உருட்டிக்கொண்டு போனான். பேனாவாலும், அடுத்த படத்தில் சுருட்டிய சஞ்சிகையாலும் சண்டையிட்டான். 2004 முதல் இயக்கப் பொறுப்பை ஏற்ற போல் கிரீன்கிராஸ், செய்திப் படப்பிடிப்பாளரின் கையைப்போல் கமராவை நடுங்கவிட்டார். 2007இல் வந்த மூன்றாம் படத்தில் சராசரியாக இரண்டு வினாடிக்கு ஒரு வெட்டு. படத்தொகுப்புக்கும் இரண்டு ஒலிப் பிரிவுகளுக்குமாக மூன்று ஒஸ்கார் விருதுகளை அது பெற்றது. உளவுப் படம் என்றாலே செல்வச் செருக்கு என்றிருந்த நிலையை மாற்றி, ஓடி ஒளியும் ஒருவனின் பதற்றத்தை நடுவில் வைத்தது அந்த வரிசையின் சாதனை.

அதில் மலையக வாசகர் ஒருவர் வேறு கண்ணோடு பார்க்கக்கூடிய காட்சி ஒன்றுண்டு. சூரிச் வங்கியின் பெட்டகத்தைப் போர்ன் திறக்கிறான். மேல்தட்டில் ஓர் அமெரிக்கக் கடவுச்சீட்டு; அதிலுள்ள பெயரைத் தன் பெயரென நம்பி வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறான். தட்டைத் தூக்கினால் கீழே கட்டுக்கட்டாகப் பல நாட்டுப் பணம், ஒரு கைத்துப்பாக்கி, இன்னும் பல கடவுச்சீட்டுகள். ஒவ்வொன்றிலும் அவன் முகம், ஒவ்வொன்றிலும் வேறு பெயர், வேறு நாடு. துப்பாக்கியை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டு மற்றவற்றை ஒரு சிவப்புப் பைக்குள் கொட்டிக்கொண்டு வெளியேறுகிறான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகத் தலைகள் எண்ணிப் பங்கிடப்பட்ட மக்களுக்கு எஞ்சியிருந்த குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதற்கு முந்திய ஆண்டு வந்த படம் இது. ஒரு கடதாசிக்காக இரு தலைமுறை காத்திருந்த வீடுகளில், பெட்டி நிறையக் கடவுச்சீட்டு இருந்தும் தான் யாரென்று தெரியாத ஒருவனைப் பார்த்தபோது எழுந்தது வியப்பு மட்டுமல்ல, ஒருவகை எரிச்சலும்தான்.

ஆனால், 'நான் யார்' என்ற கேள்விக்கு மூன்றாம் படத்தின் முடிவில் விடை கிடைத்துவிட்டது. அவன் உண்மைப் பெயரும், தானே விரும்பி இந்த வேலையில் சேர்ந்தான் என்ற கசப்பும் வெளிவந்த பிறகு, அவனை மீண்டும் ஓடவைக்கக் காரணம் வேண்டும். மெட் டேமனும் கிரீன்கிராஸும் 2016இல் திரும்பி வந்து தந்தையின் மரணம் என்ற புதுக் கேள்வியைக் கொண்டுவந்தார்கள். அது ஒட்டுப்போட்ட கேள்வி என்பதைப் பார்வையாளர்கள் உடனே கண்டுகொண்டார்கள்.

போர்ன் மறைந்தாலும் அவன் பாதிப்பு எதிராளிகளின் வீட்டில் குடியேறியது. 2006இல் டானியல் கிரேக்கோடு வந்த 'கசினோ ரோயல்' கருவிகளைக் குறைத்து, குளியலறையில் மூச்சுத்திணறும் கறுப்புவெள்ளைச் சண்டையோடு தொடங்கியது. அடுத்த படத்துக்குப் போர்ன் படங்களின் சாகசக் காட்சிகளை வழிநடத்திய டான் பிரட்லியையே அழைத்துக்கொண்டார்கள். அப்படம் போர்னின் மங்கிய நகலாகவே முடிந்தது. 2012இல் 'ஸ்கைஃபோல்' சடங்குகளை ஒவ்வொன்றாக மீட்டெடுத்து 110 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. இருந்தும் கிரேக் காலம் பொண்டுக்கு ஒரு கடந்தகாலத்தையும் காயத்தையும் கொடுத்து, ஐந்து படங்களையும் ஒரே கதையாகக் கோத்து, 2021இல் அவனைச் சாகடித்தது. நல்ல நாடகம் அது. பொண்ட் வரிசைக்கு நல்லதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அவன் ஏவுகணைகளுக்கு இரையான பின்னரும், பெயர்கள் ஓடி முடியும் இடத்தில் 'ஜேம்ஸ் பொண்ட் மீண்டும் வருவான்' என்ற வழக்கமான வரி வந்தது. கதை கொன்றவனைச் சடங்கு எழுப்பிவிட்டது.

உண்மையான உளவுக்கும் இவற்றுக்கும் உள்ள தூரத்தை அறியக் கண்டியே போதும். 1944இல் மௌன்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது, சி.ஐ.ஏ.யின் முன்னோடியான ஓ.எஸ்.எஸ். அமைப்பின் ஒரு பிரிவும் கண்டியில் இயங்கியது. அதன் கோப்புகளைப் பராமரித்தவர், பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற சமையற்கலை ஆசிரியையான ஜூலியா சைல்ட். வந்த கடிதத்தைப் பதிவதும், எண்ணிடுவதும், உரிய மேசைக்கு அனுப்புவதுமே அன்றாட வேலை. இந்த மெதுவான உளவுக்கும் திரையில் ஒரு முகம் உண்டு. ஹட்டன்–கொழும்பு வீதியில் போகிறவர்கள் கடக்கும் கித்துல்கலவில் எடுக்கப்பட்ட 1957ஆம் ஆண்டின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தில் நடித்த அலெக் கின்னஸ், 1979இல் உளவு நாவலாசிரியர் ஜோன் லே கரேயின் ஜோர்ஜ் ஸ்மைலியாகத் தொலைக்காட்சியில் தோன்றினார். ஸ்மைலி துப்பாக்கி தூக்குவதில்லை. கோப்பைப் புரட்டிக் கண்ணாடியைத் துடைக்கிறார். விமர்சகர்கள் மதிக்கும் பக்கம் அதுதான். டெக் வாடகைக்கு எடுத்தவர்கள் அதைக் கேட்டதில்லை.

ஆனாலும் சாகச உளவுப் படங்களும் அடிப்படையில் அலுவலகக் கதைகளே என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். மேலிருந்து உத்தரவு வருகிறது. கீழே ஒருவன் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறான். தவறு நேர்ந்தால் யார் தலையில் விழும் என்பதே கேள்வி. பொண்டை மேலதிகாரி எத்தனை முறை இடைநிறுத்தினாலும், அடுத்த படத்தில் அவன் அதே அறைக்குள் நுழைந்து தொப்பியை எறிவான். ஈதன் ஹன்டுக்குத் தரப்படும் உத்தரவிலேயே, நீ பிடிபட்டால் உன்னை எங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கும். அவன் நம்புவது கூட வேலை செய்கிறவர்களை மட்டுமே. போர்னை முதலாளியே கொல்ல ஆளனுப்புகிறான். தோட்டத் தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டு, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி, துரைக்குப் பிடிக்காவிட்டால் பேர் வெட்டு என்று வாழ்ந்த இடத்தில் இந்த மூன்று உறவுகளும் அந்நியமானவை அல்ல. இங்கே மிஷன் படங்களுக்கு உள்ள செல்வாக்குக்கு அந்தக் கைவிடப்பட்ட குழுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். மேலிடம் மறுத்த பின்னரும் லூதரும் பென்ஜியும் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார்கள்.

இந்தியாவில் இவ்வகைக்கு முயற்சிகள் பல. சுஜாதாவின் எழுத்தில் 1986இல் வந்த கமல்ஹாசனின் 'விக்ரம்' அதன் காலத்துக்கு முந்திய படம். 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரோடு அந்த ஊழியனை முதியவனாக்கித் திரும்பக் கொண்டுவந்து வெற்றி கண்டார். யஷ் ராஜ் நிறுவனம் 2012இலிருந்து எடுத்துவரும் படங்களின் உளவாளிகளை ஒரே உலகத்தில் சந்திக்கவைத்து வருகிறது. 2023இன் 'பதான்' ஆயிரம் கோடி ரூபாவைத் தாண்டியது. 2025இன் 'வோர் 2' எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. அங்கே ரசிகர் வருவது நட்சத்திரத்துக்காகவே. உளவாளி வேடம் ஒரு சட்டை மட்டும்.

நட்சத்திரத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஜெரமி ரெனரின் அனுபவமே சான்று. 2011இல் அவரைக் குரூஸின் பக்கத்தில் நிறுத்தியபோது, அடுத்த தலைமை அவருக்கே என்று பேசப்பட்டது. 2012இல் டேமன் இல்லாத போர்ன் படத்துக்கும் அவரே நாயகன். இரண்டு வரிசைகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே நடிகரை வாரிசாக முயன்று, இரண்டும் பழைய ஆளிடமே திரும்பின. பொண்ட் வரிசையில் மட்டும் அந்தக் கதிரை ஆளுக்காகக் காத்திருக்கிறது. அடுத்த படத்தை டெனி வில்நெவ் இயக்குவார் என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள். நடிகர் யார் என்ற வதந்திகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 845 கோடி டொலர் கொடுத்து எம்.ஜி.எம்.மை வாங்கிய நிறுவனம், அந்தப் பணத்தை எடுக்கப் பொண்டை வருடந்தோறும் வேலைக்கு அனுப்பத் துடிக்கும். 2023இலேயே 007 என்ற எண்ணை ஒட்டிப் போட்டி நிகழ்ச்சி ஒன்றையும் நடத்திவிட்டது. புரொக்கோலி குடும்பம் கடைசி இரு படங்களுக்கு நடுவே ஆறு ஆண்டுகள் விட்டது. புதிய முதலாளி எத்தனை ஆண்டு விடுவார் என்பதைப் பொறுத்தே அந்த வெள்ளை வட்டத்துக்கு இன்னும் மதிப்பு இருக்குமா என்பது தெரியவரும்.